வேன் டிரைவர் பெண் எங்கே படிக்கிறாள்?

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட்டது காதுதான். கண்ணை யாரும் உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை. கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்பக்கம், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதற்கு நேர் எதிரே என் பெட்டிக்கடை, கடைக்குப் பின்னால் வீடு. வயலுக்குப் போகிறவர்கள், பூ பறித்துக்கொண்டு திருவண்ணாமலை மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், எல்லோரும் என் கடை முன்னால் கொஞ்சம் நிற்பார்கள். சோடாவோ பீடியோ வாங்குவார்கள். அந்த நேரத்தில் எதிரே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டால், பரவாயில்லை, படிக்கிறார்கள் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போவார்கள். சத்தம் இல்லாவிட்டால் இன்றைக்கு லீவா என்று என்னைக் கேட்பார்கள்.

பழைய ஹெட்மாஸ்டர் காலத்தில் காதுக்குக் குறையே கிடையாது. ஒரு பையன் முன்னால் நின்று வாய்ப்பாடு சொல்ல, மொத்த வகுப்பும் திருப்பிக் கத்தும். ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். நானும் அந்தக் கூட்டத்தில் கத்தினவள்தான். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைக்கு அது உதவவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாய்ப்பாட்டைத் தவிர அங்கே வேறென்ன படித்தாய் என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் அவர் ரிட்டயராகி, ஓர் அம்மா ஹெட்மிஸ்ட்ரஸாக வந்தார். ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்றது. வந்த மாதமே பிரம்பு காணாமல் போயிற்று. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் ஒன்றோடொன்று பேசும், அட்டையை வெட்டும், வேப்பமரத்தடிக்குப் போய் நிழலை அளக்கும். வாய்ப்பாட்டுக் கத்தல் நின்றுபோயிற்று.

ஊருக்கு அது பொறுக்குமா? டீச்சர் தரையில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு எங்கிருந்து பயம் வரும், பயம் இல்லாவிட்டால் படிப்பு எங்கிருந்து வரும் என்றார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு கதை பேசுகிறார்கள் என்றார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்கள் கால் வலித்தால் அந்தப் பள்ளி வராந்தாவில்தான் படுத்துக்கொள்வார்கள். அதையும் சேர்த்து, பௌர்ணமிக்குச் சத்திரம், மற்ற நாளைக்கு மடம் என்று என் கடை முன்னாலேயே நின்று கிண்டல் செய்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆமாம் என்று சொன்னதில்லை. அந்த நாளில் மறுத்துப் பேச என்னிடமும் ஒன்றும் இல்லை.

அதே சமயத்தில்தான் டவுனிலிருந்து மஞ்சள் வேன் வர ஆரம்பித்தது. இங்கிலீஷ் மீடியம், டை, ஷூ, வாரத்தில் ஒரு நாள் வெள்ளை யூனிபார்ம். தெருமுனையில் ஹாரன் அடித்தால் நாலு வீட்டுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த வேனை ஓட்டினது என் வீட்டுக்காரர். டிரைவர் பிள்ளை என்று எங்கள் பெண்ணுக்கு ஃபீஸ் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளும் அந்த வேனில் போய்வந்தாள். கொடுத்து வைத்தவள் நீ என்று என்னிடம் பொறாமைப்படாதவர்கள் இல்லை.

அவள் ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் வேன் பள்ளிக்கு ஏதோ லீவு. எதிரே அரசுப் பள்ளி நடந்தது. பெரிய டீச்சர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்துவிட்டார். தட்டுத் தராசைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். வியாபார நேரத்தில் இது என்ன ரோதனை என்று நினைத்தாலும், டீச்சர் முகத்துக்காகச் சரி என்றேன். பிள்ளைகள் சர்க்கரையை நிறுத்தன, உப்பை நிறுத்தன, கல்லை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் புளியை வைத்துப் பார்த்தன. அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பையன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அக்கா, இதுல ஏமாத்தணும்னா எப்பிடி ஏமாத்தறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கடையில் நின்றுகொண்டு என்னையே கேட்கிறான் பாருங்கள். டீச்சர் அவன் காதைத் திருகுவார் என்று காத்திருந்தேன். அவர் திருகவில்லை. ஏமாற்றுகிற தராசாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய், அதைச் சொல் என்று அவனிடமே திருப்பிவிட்டார். பிள்ளைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டன. அப்புறம் ஒரு பெண், கல் இருந்த தட்டில் சர்க்கரையையும் சர்க்கரை இருந்த தட்டில் கல்லையும் மாற்றி வைத்தாள். முள் அசையாமல் நடுவில் நின்றது. நல்லவேளை, என் தராசு என் மானத்தைக் காப்பாற்றியது. மாற்றி வைத்தும் சரியாக நின்றால் தராசில் பொய் இல்லை என்று அந்தப் பெண் எனக்கே விளக்கம் சொன்னாள். அத்தனை வருஷம் கடை நடத்தியவள், எனக்கு அது தோன்றினதே இல்லை.

என் பெண் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போன பிறகு மெதுவாக வந்தாள்.

"அம்மா, அந்தப் பையன் அப்பிடிக் கேட்டானே, டீச்சர் அவன அடிக்கவே இல்லியே."

ஏன், உங்கள் பள்ளியில் அடிப்பார்களா என்றேன். அடிக்க மாட்டார்களாம். கேள்வி கேட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்களாம். அதனால் யாரும் கேட்பதில்லை என்று, சோறு ஆறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய இங்கிலீஷ் நோட்டில் பக்கம் பக்கமாக அழகான எழுத்து. இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் விழித்ததை, குழந்தைதானே என்று விட்டிருந்தேன்.

ஜூன் மாதம் அவளை எதிரே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர், ஹாரன்தான் அவருக்கு வாய். வேலை பார்க்கிற இடத்தில் வம்பாகிவிடப் போகிறது என்று மட்டும் சொன்னார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எனக்கென்ன, வாய் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

ஆறே மாதத்தில் வீட்டில் அவரை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டேன் என்று ஆகிவிட்டாள் என் பெண். டீசல் தீர்ந்தால் வண்டி ஏன் நிற்கிறது? சைடு கண்ணாடியில் எழுத்து ஏன் திரும்பித் தெரிகிறது? ஒரு நாள், வேன் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். தெரியவில்லை. அத்தனை வருஷம் ஓட்டியும் முன்னால்தானே பார்த்திருக்கிறார். மறுநாள் வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கூடக் கழற்றாமல், இடது பக்கம் திருப்பினால் எல்லாம் வலது பக்கம் சாய்கிறது பாப்பா என்று சொன்னார். ஏனாம் என்று அவள் அடுத்த கேள்வி போட்டாள். நீயே உன் டீச்சரைக் கேள் என்று கும்பிடு போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். ஆனால் போகும்போது சிரித்துக்கொண்டே போனார். அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? வேன் டிரைவர் பெண்ணே அரசுப் பள்ளிக்குப் போகிறாள் என்பதுதான் அந்த வருஷம் பேச்சு. வேன் பள்ளியை உள்ளே இருந்து பார்த்த ஆள் டிரைவர், ஏதோ விஷயம் இல்லாமலா பெண்ணை எடுத்திருப்பார் என்று சிலர் சொன்னார்கள். டிரைவருக்கும் முதலாளிக்கும் தகராறு என்று சிலர் கதை கட்டினார்கள். என் கடைக்கு வந்து நேராகவே கேட்டவர்களுக்கு நான் தராசுக் கதையைச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், அதெல்லாம் சரி, இங்கிலீஷ் வருமா என்றார்கள். இங்கிலீஷ் வருகிற பள்ளியில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும் என்று பட்டென்று சொல்லிவிடுவேன். அடுத்த வருஷம் பிள்ளையை வேனில் ஏற்ற வேண்டுமென்று இருந்த இரண்டு மூன்று வீடுகள் யோசிக்க ஆரம்பித்தன.

இது டவுன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வேன் பள்ளியின் முதலாளிதான் அதற்குக் கரஸ்பாண்டென்ட், சுருக்கமாகக் கரஸ் சார் என்பார்கள். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பௌர்ணமிக்கு அன்னதானம் எல்லாம் செய்கிறவர். ஆனால் தன் டிரைவர் வீட்டிலேயே தன் பள்ளிக்கு மதிப்பில்லை என்றால் எந்த முதலாளிக்குத்தான் பொறுக்கும்? மே மாதம் பிறந்தால் அந்த மாதிரிப் பள்ளிக்காரர்கள் ஊர் ஊராக வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்ப்பார்கள். இந்தத் தடவை உன் ஊருக்கு நானே வருகிறேன், உன் பெண்ணைத்தான் முதலில் எழுதப்போகிறேன், ஏழாம் வகுப்பில் அவள் நம் வேனில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நீ வேன் சீட்டில் உட்கார வேண்டாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, சேர்த்துவிடலாம் என்றார். கடை வருமானத்தில் அரிசி மட்டும்தான் வாங்க முடியும், மற்றதெல்லாம் அவர் சம்பளம். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் தாங்கவில்லை. பயமாக இருந்தது, அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். உங்கள் வேலையைக் காப்பாற்ற அவளைப் பெஞ்சு மேல் ஏற்றப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவினார். உள்ளே படுத்திருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அதற்கப்புறம் சாப்பிடும்போது வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும்தான். பெண் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அவர் ஒரு வாய் எடுத்து வைப்பார், அவளைப் பார்ப்பார், அடுத்த வாய் எடுப்பார். இரண்டாம் நாள், வண்டியில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது தெரியுமா என்று அவரே பேச்சுக் கொடுத்தார். அவள், தெரியாதுப்பா என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஏன், எப்படி என்று கேட்கவில்லை. அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கரஸ் சார் வந்தார். மஞ்சள் வேனிலேயே வந்தார், ஓட்டிக்கொண்டு வந்தது என் வீட்டுக்காரர்தான். என் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். வேனைப் பார்த்ததும் கூட்டம் கூடிவிட்டது. சம்பங்கித் தோட்டம் வைத்திருந்த அம்மா ஒருத்தி, தன் மகனை ஆறாம் வகுப்பில் எங்கே போடுவது என்று என்னிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், மகனைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்து நின்றாள். கரஸ் சார் வெள்ளைச் சட்டையில், சிரித்த முகத்தோடு, தன் பள்ளியைப் பற்றி நன்றாகவே பேசினார். கம்ப்யூட்டர் வாங்கப் போவதைச் சொன்னார். எதிரே இருந்த பள்ளியைக் காட்டி, அங்கே டீச்சரும் பிள்ளையும் ஒன்றாகத் தூங்குகிறார்கள் என்றார். கூட்டம் சிரித்தது. பெண்ணின் பெயரைச் சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்று என் பக்கம் திரும்பினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பங்கித் தோட்டத்து அம்மா குறுக்கே புகுந்துவிட்டாள்.

"சார், நீங்க இருங்க. டிரைவர் அண்ணா, நீங்க சொல்லுங்க. ரெண்டு ஸ்கூலும் பாத்தவரு நீங்கதான். எம் புள்ளைய எங்க போடட்டும்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கரஸ் சாரும் பார்த்தார். என் வீட்டுக்காரர் வேலைக்காக ஆமாம் சாமி போட்டிருந்தாலும் அன்றைக்கு நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் வேனின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நேராக நின்றார்.

"வேன்ல ஏத்தினீங்கன்னா புள்ளைய பத்திரமா கூட்டினு போயி பத்திரமா கொண்டாந்து வுடுவேன். அதுக்கு நான் கேரண்டி. படிப்பு பத்தி எனக்கு என்னாம்மா தெரியும்? ஆனா ஒண்ணு. வேன்ல இத்தினி வருஷமா வர்ற புள்ளைங்க எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. எம் பொண்ணு ஒரு வருஷமா என்னச் சோறு துன்ன வுடல. இப்ப ரெண்டு நாளா அதுவும் கேக்கறதில்ல. எனக்குச் சோறு எறங்கல. அது எதுத்தாப்லயே படிக்கட்டும்."

அவர் அத்தனை பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கரஸ் சார் முகம் சிவந்துவிட்டது. சாவியைக் கொடு என்று கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி எப்படி நிற்பாள்? கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் வேடிக்கை. கரஸ் சார் விறுவிறுவென்று வேனுக்குப் போனார். கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அவருக்கு வேன் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில், கிரிவலப் பாதையில், அவ்வளவு பெரிய மஞ்சள் வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எங்கள் தெருப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் போய், ஏறுங்க சார், உங்களைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். கரஸ் சார் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவரை டவுனில் இறக்கி, வேனைக் கழுவி நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார் இவர். கழுவ வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, தினமும் கழுவித்தானே நிறுத்துவேன் என்றார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னாலதானப்பா உன் வேல போச்சு?"

"உன்னால இல்ல பாப்பா. நான்தான் வாயத் தொறந்தேன்."

அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஏன் திறந்தாய் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டாள், பார்த்தாயா என்கிற மாதிரி. நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

ஊர் அதற்கப்புறமும் ஒரே பேச்சாக இல்லை. சம்பங்கித் தோட்டத்து மகனும் இன்னும் ஒன்றிரண்டு பிள்ளைகளும் எதிரே சேர்ந்தார்கள். மற்றவர்கள் வேனில்தான் ஏற்றினார்கள். நல்ல வேலையைத் தொலைத்துவிட்டாரே என்று என்னிடம் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நான் வெல்லம் கூட நிறுத்துக் கொடுக்கவில்லை, இல்லை என்று அனுப்பிவிட்டேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் கார் ஓட்டுகிற வேலை அவருக்குப் பேசியாகியிருந்தது. ஜூன் பாதியில்தான் சேர வேண்டும்.

பள்ளி திறந்த அன்று காலையில், புது டிரைவர் ஓட்டி வந்த வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. இவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். காலையிலேயே எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பாப்பாவ ஸ்கூல்ல வுட்டுட்டு வரேன்."

எதிர்லதானப்பா இருக்குது என்று பெண் சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் தனியாகத்தான் ரோட்டைத் தாண்டிப் போய்வந்தாள். அவர் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார், அவள் கையைப் பிடித்துக்கொண்டார், வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்து ரோட்டைத் தாண்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வேனில் போன அத்தனை வருஷமும் அவள் நாற்பது பிள்ளைகளில் ஒருத்தி, அவர் கை ஸ்டீயரிங்கில். பள்ளிக்கூட வாசலில் அவர் சீட்டை விட்டு ஒரு நாள் கூட இறங்கினதில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட மனிதர், பெற்ற பெண்ணைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டது அன்றைக்குத்தான்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கேட்டிலேயே நின்றார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பெரிய டீச்சர் வந்து, ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை டீச்சர், சும்மா விட வந்தேன் என்று சொல்லிவிட்டு, மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் வட்டமாக உட்காருகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.